பலகையில் எத்தனை போல்ட்?

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். முட்டி வலியைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? சுரங்கத்துக்குள் வெல்டிங் புகை வெளியேற வழியே இல்லை என்று போன முறை எழுதியிருந்தாய். இருமல் விட்டதா? உங்கள் முகாமில் செல்போன் எடுக்காததில் ஒரு நன்மை, வருஷத்துக்கு நாலு கடிதமாவது உன்னிடமிருந்து வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கண்ணாடிக் கம்பெனியோடு போட்ட எட்டு வருஷ ஒப்பந்தம் முடிந்துவிட்டது. நான் புதுப்பிக்கவில்லை. பார்வையில் ஒரு கோளாறும் இல்லாத ஆளுக்குக்கூட ஒரு கண்ணாடியைத் தலையில் கட்டி அனுப்பச் சொல்கிறார்கள். என்னால் முடியவில்லை. இனிமேல் கடை என் பேரில். ஆனால் அதற்கு முன்னால் கம்பெனியின் அடையாளம் ஒன்றுவிடாமல் இங்கிருந்து போயாக வேண்டுமாம். சுவரில் அடித்த சிவப்பு, கவுன்டர், பை, ரசீதுப் புத்தகம், கண்ணாடி துடைக்கும் துணி, எல்லாம். எல்லாவற்றுக்கும் மேலே, வாசலில் நீ மூக்குக்கண்ணாடி வடிவத்தில் செய்து வைத்த பலகை. அவர்கள் ஆள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நான் வியாபாரம் பண்ணலாம். ஏப்ரல் கடைசி வரை கெடு. தவறினால் வழக்கு, கடை என் கையை விட்டே போய்விடும்.

இன்னொரு பக்கம் மாடியில் குடியிருக்கும் ஓனர். அவர் சம்மதம் இல்லாமல் முகப்பில் ஒரு ஆணியைக்கூடப் பிடுங்கக் கூடாது என்று வாடகைப் பத்திரத்தில் இருக்கிறது. பத்திரம் முடிய இன்னும் இரண்டு வருஷம். அவருக்கோ அந்தப் பலகை மேல் கொள்ளை ஆசை. 'சிவப்புக் கண்ணாடி போட்ட வீடு' என்றுதான் எல்லோருக்கும் வழி சொல்கிறார். "போர்ட எடுத்தா எத்தன ஓட்ட விழும்? கணக்கு சொல்லு, அப்புறம் யோசிக்கிறேன்" என்கிறார்.

ஆகவே உனக்கு ஒரே கேள்வி. பலகையை எத்தனை போல்ட்டில் மாட்டினாய், எங்கெங்கே? துண்டுத் தாளில் ஒரு படம் போட்டு அனுப்பினால் போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 15

அக்காவுக்கு,

தம்பி நன்றாக இருக்கிறேன். இருமல் பாதி போய்விட்டது, மீதி என்னோடு பழகிவிட்டது. உன் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை ஊருக்கெல்லாம் அறிவுரை சொல்லிவிட்டு நீ சும்மா இருக்கிறாயா?

கம்பெனியை உதறியது நல்ல காரியம். உனக்கு ஒரு மேலதிகாரி சரிப்பட்டு வரமாட்டார் என்று எனக்குச் சின்ன வயசிலேயே தெரியும். சுவருக்கு நேரடியாக வெள்ளை அடிக்காதே, அடியில் ஒரு பூச்சு கொடுத்துவிட்டு அடி. கவுன்டரில் ஒட்டிய சிவப்புப் பிளாஸ்டிக் தாளை ஹேர் டிரையரால் சூடு காட்டினால் உரிந்து வரும்.

இங்கே சுரங்கம் இரண்டு கிலோமீட்டர் தாண்டிவிட்டது. ஒரு பூனை வந்து சேர்ந்திருக்கிறது. வெடி வைக்க அரை மணிக்கு முன்னாலேயே அது வெளியே ஓடிவிடும், அதைப் பார்த்துத்தான் நாங்கள் கிளம்புகிறோம். இன்ஜினியரைவிட அதற்குத்தான் மரியாதை. தபால் வேன் வாரத்துக்கு இரண்டு தரம் வருகிறது. லீவில் போகிறவர்களும் அதில்தான் மூட்டைகளோடு தொற்றிக்கொண்டு போக வேண்டும். இதோ ஹாரன் அடிக்கிறான். முடிக்கிறேன்.

உன் தம்பி


பிப்ரவரி 25

அன்புத் தம்பிக்கு,

ஒத்தடம் கொடுக்கிறேன். நீ இருமலோடு குடித்தனம் நடத்தாமல் டாக்டரைப் பார்.

போல்ட் கணக்கு கேட்டேன், நீ பூனை கதை எழுதியிருக்கிறாய். இருந்தாலும் ஹேர் டிரையர் யோசனை நன்றாக வேலை செய்தது. சுவர்தான் அழிச்சாட்டியம் பண்ணுகிறது. மூன்று பூச்சு அடித்தும் உள்ளே இருக்கும் சிவப்பு ரோஸாகத் தெரிகிறது.

போன வாரம் கம்பெனி ஆள் வந்தார். கையில் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் டிக். பார்வை பார்க்கும் எழுத்துப் பலகையில் கடைசி வரி, இருப்பதிலேயே பொடி எழுத்து, கம்பெனியின் பேர். எட்டு வருஷமாக எத்தனை பேரை அதைப் படிக்கச் சொல்லியிருப்பேன்! அதையும் மறைக்க வேண்டுமாம். மறைத்துவிட்டேன் என்றேன். மனுஷர் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கிறார், மறைத்திருக்கிறதா இல்லையா என்றே அவருக்குத் தெரியவில்லை. ஒரு லென்ஸை எடுத்து நீட்டினேன். முறைத்துக்கொண்டே டிக் போட்டார்.

வாசலுக்குப் போனதும் முகம் மாறிவிட்டது. "இது இருக்கற வரைக்கும் மத்தது எல்லாம் கணக்குல வராதுங்க" என்று மேலே கை காட்டினார். பேரை மட்டும் பெயர்த்தால் போதாதாம், கண்ணாடி வடிவமே கம்பெனிக்குச் சொந்தமாம். கையெழுத்து இல்லை.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன். பின் கதவு வழியாகத்தான் போக்குவரத்து. அதன் தாழ்ப்பாள் உடைந்தது உடைந்தபடிதான், இன்னும் அந்தக் கம்பித் துண்டைத்தான் குறுக்கே செருகுகிறேன். கடை மூடியிருப்பது தெரியாமல் வருகிறவர்கள் பலகைக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்துவிட்டுப் போகிறார்கள். அவர்களை உள்ளே கூப்பிட முடியாமல் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதுதான் கொடுமையாக இருக்கிறது. ஓனருக்கு மட்டும் உற்சாகம் குறையவில்லை. பால்கனியில் தோட்டம் போடுகிறார். பலகைக்கு நேர் மேலே வரிசையாக ஏழு சிமென்ட் தொட்டி, ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

எத்தனை போல்ட்?

அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

சுகம்தானே? நான் சுகம். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார்.

அந்தத் தொட்டிகளைப் பால்கனியிலிருந்து எடுக்கச் சொல். பழைய கட்டடம், அவ்வளவு கனம் ஆகாது. மொட்டை மாடிக்குக் கொண்டு போகச் சொல், வெயில் அங்கேதான் நன்றாக விழும். நான் சொன்னதாகச் சொல்லாதே, நீயே சொல்வதுபோலச் சொல். இதைத் தள்ளிப் போடாதே, அக்கா. பெஞ்சையும் பக்கத்துச் சந்துப் பக்கமாக நகர்த்திவிடு. அங்கே நிழல் இருக்கிறது.

பலகையை இப்போதைக்கு ஒரு நல்ல கெட்டித் துணியால் மூடிவிடு. கண்ணுக்குத் தெரியாவிட்டால் அவர்களுக்கு என்ன? மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பின் கதவுக்கு எந்தக் கம்பித் துண்டு? அது எங்கே கிடைத்தது உனக்கு?

தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

மாத்திரையை ஒழுங்காகப் போடு.

துணி போட்டு மூடினேன். கம்பெனி ஆள் பார்த்துவிட்டுச் சிரிக்கவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "மூடறது வேற, எடுக்கறது வேறங்க" என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். ஓனர் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "எம் வீட்டுக்கு எதுக்கும்மா முக்காடு போட்ட?" என்று கத்தினார். பலகையின் விளக்கு வெளிச்சம் இல்லாததால் பால்கனி இருட்டிவிட்டதாம். தொட்டியைப் பற்றிப் பேசப் போனேன். "கடையத் தொறக்க வழியக் காணோம், எந்தொட்டில குத்தம் கண்டுபிடிக்க வந்துட்டா" என்றார். இறங்கி வந்துவிட்டேன். பெஞ்சை மட்டும் நகர்த்தினேன், வருகிறவர்கள் அதைத் திரும்ப நிழலிலிருந்து இழுத்து வாசலிலேயே போட்டுக்கொள்கிறார்கள்.

கம்பெனி எடு என்கிறது, ஓனர் எடுக்காதே என்கிறார். இரண்டு பேரிடமும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். என் பக்கத்தில் நிற்க வேண்டிய நீ ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறாய். கோபமாக வருகிறது, வாலு. சின்ன வயசில் ஜாமெட்ரி பாக்ஸைத் தொலைத்துவிட்டு வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டே இருப்பாயே, அந்தக் குரல் இந்தக் கடிதங்களில் கேட்கிறது.

இன்னொன்றும் கேட்கிறேன். கடை திறந்த மறுநாள் மூட்டை கட்டியவன் நீ. எட்டு வருஷம். லீவு கிடைக்கும்போதெல்லாம் வேறெங்கோ போகிறாய், இங்கே மட்டும் வருவதில்லை. நான் என்ன செய்தேன்?

அக்கா


மார்ச் 31

தம்பிக்கு,

பதினைந்து நாளாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன் என்றால் அதை விட்டுவிடு, நலமாக இருக்கிறேன் என்று ஒரு வரி மட்டும் போடு.

இனி உன் படத்துக்குக் காத்திருக்க முடியாது. ஓனரிடம் மன்றாடி ஒரு வழியாகச் சம்மதம் வாங்கிவிட்டேன், ஓட்டையை அடைத்துப் பெயின்ட் அடித்துத் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு வெல்டரைப் பேசியாயிற்று. ஏப்ரல் 12, ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறார். போல்ட் இருக்கும் இடம் தெரியாவிட்டால் பரவாயில்லையாம். "ரெண்டு பக்கமும் அறுத்தா தன்னால எறங்கிடும்கா" என்றார். அவரோடு இரண்டு பேர், பலகையைக் கீழேயிருந்து தாங்கிப் பிடிக்க.

ஷட்டர் வேறு தகராறு. முழுசாக மேலே ஏற மாட்டேன் என்கிறது, கடைசி ஒரு சாண் சிக்குகிறது. எண்ணெய் விட்டுப் பார்த்தேன். ஓனர் இன்னும் இரண்டு தொட்டி வாங்கியிருக்கிறார்.

அக்கா


ஏப்ரல் 5

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் தகுதி இந்தக் கடிதத்துக்கு இல்லை. வேன் டிரைவரிடம் உன் நம்பரைக் கொடுத்து, சிக்னல் கிடைத்ததும் 'பலகையைத் தொட வேண்டாம்' என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். அவர் சொல்லியிருப்பார். ஏன் என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

போல்ட் ஒன்றுமே இல்லை, அக்கா.

கம்பெனி அனுப்பிய படத்தில் பலகையின் உயரம் எழுதியிருந்தது. ஒரு அங்குலம் மாறினாலும் திறக்க விடமாட்டோம் என்றார்கள். அந்த உயரத்தில் வைத்தால் வாசலுக்கு மேலே போகிற பீம் நாலு அங்குலம் இடித்தது. மறுநாள் திறப்பு விழா. பலகையைச் சின்னதாக்க நேரம் இல்லை. பீமின் அடிப்பக்கத்தை நாலு அங்குலம் கொத்தினேன். உள்ளே கம்பி தெரிந்தது. இரண்டு கம்பியைக் கிரைண்டரால் அறுத்தேன். வெல்டரின் புத்தி அது. எது குறுக்கே வந்தாலும் அறு, பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.

சாயந்தரம் பீமில் முடி மாதிரி ஒரு விரிசல் வந்தது. கடை வாசலுக்கு இரண்டு பக்கமும் சிவப்புத் தகடு போர்த்தினேனே, அதற்குள் இரண்டு இரும்புக் குழாயைத் தரையிலிருந்து நிறுத்தினேன். பலகையின் சட்டத்துக்குள் கனமான இரும்பு ஒன்றைக் குறுக்கே ஓட்டி, குழாய்களின் மேல் வைத்து, பீமை முட்டி நிற்கும்படி வெல்டு செய்தேன். அந்தக் கண்ணாடி சுவரில் தொங்கவில்லை. அதுதான் மாடியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் அறுத்தால் பலகை மட்டும் இறங்காது. தாங்கிப் பிடிக்க நிற்கிற ஆட்கள் மேல், ஓனரின் பால்கனியே இறங்கும். ஷட்டர் சிக்குகிறது என்றால் பீம் இறங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

விழாவில் எல்லோரும் கை தட்டினார்கள். நீ வாசலில் நின்று சிரித்தாய். எனக்கு உன் தலைக்கு மேலேதான் கண் போனது. அங்கே இன்னொரு நாள் இருந்தால் சொல்லிவிடுவேன், சொன்னால் கடை போய்விடும். அதனால்தான் கிளம்பினேன். நீ ஒன்றும் செய்யவில்லை. சுரங்கத்தில் வெடி வைக்கும்போதுகூட நான் உன் வாசலைத்தான் நினைக்கிறேன். எட்டு வருஷமாக அதற்குக் கீழேயேதான் இருக்கிறேன்.

லீவு கேட்டேன். மாற்று ஆள் வரும் வரை கிடையாது என்கிறார்கள். தகடுகளைப் பிரிக்காதே. யாரையும் வாசலில் நிற்க விடாதே.

தம்பி


ஏப்ரல் 15

அன்புத் தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இந்த முறை அதை முறைக்காக எழுதவில்லை, எல்லோரும் முழுசாக இருக்கிறோம்.

ஆறாம் தேதி போன் வந்தது. யாரோ ஒருவர், "போர்டத் தொடவேணாம்னு உங்க தம்பி சொல்லச் சொன்னாருங்க, தொடவே வேணாமாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வெல்டரை அப்போதே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று நான் யோசிக்கவே இல்லை, தம்பி. யோசிக்காமலேயே தெரிந்தது. அதைத்தான் இப்போது எழுத வேண்டும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், திறப்பு விழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நீ ஏணியிலிருந்து இறங்கி வந்து, "அக்கா, பீம் இடிக்குது" என்றாய். நான் அழைப்பிதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எப்படியாவது வெச்சுடுடா, எப்படின்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத" என்றேன். நீ சொல்லவில்லை. எட்டு வருஷமாக என் பேச்சைத்தான் கேட்டிருக்கிறாய்.

அன்று ராத்திரி நீ படுக்கப் போன பிறகு வாசலைப் பெருக்கியது நான். கொத்திய காரையில் இரண்டு கம்பித் துண்டு கிடந்தது, முனை பளபளவென்று, புதிதாக அறுத்தது. கட்டடத்துக்குள்ளிருந்து வந்த கம்பி என்று தெரியாத அளவுக்கு நான் குருடி இல்லை. ஒன்றைக் குப்பையில் போட்டேன். இன்னொன்றைப் பின் கதவுக்குச் செருகினேன். தினமும் காலையில் எடுக்கிறேன், சாயந்தரம் வைக்கிறேன். எங்கே கிடைத்தது என்று நீ கேட்டதற்கு நான் பதில் எழுதவில்லை, கவனித்தாயா? ஊரார் கண்ணையெல்லாம் சோதித்தவள். உன்னைப் போல்ட் கணக்கு கேட்டுக் கேட்டு வதைத்ததும், போல்ட் என்று ஒன்று இருக்கிறது என்று நீ சொல்லிவிட மாட்டாயா என்றுதான்.

உன் கடிதம் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். ஓனரிடம் படித்துக் காட்டினேன். கத்துவார் என்று நினைத்தேன். எழுந்து போய்ப் பால்கனிக் கதவைச் சாத்தினார். பிறகு, "பேரப் புள்ளைங்க அந்த பால்கனியிலதான்மா வெளயாடுதுங்க" என்றார். அவ்வளவுதான். அவர் கத்தியிருக்கலாம். ஒன்பது தொட்டியையும் நானும் அவரும் தரையோடு இழுத்து இழுத்து உள்ளே கொண்டு போனோம். என் முட்டியைப் பற்றிக் கேட்காதே.

கட்டட இன்ஜினியர் வந்து கடைக்குள் ஆறு முட்டு நிறுத்தியிருக்கிறார். அவற்றுக்கு நடுவே பக்கவாட்டில்தான் நடக்க முடிகிறது. பீமைச் சரி செய்யலாம், அதற்கு முன் எந்தக் கம்பி, எவ்வளவு கனம், எங்கே அறுத்தது என்று அறுத்தவரே வந்து காட்ட வேண்டும் என்கிறார். கம்பெனி ஆளிடமும் மறைக்கவில்லை. அவர்கள் அனுப்பிய படத்தை இன்ஜினியர் அவர் முன்னால் விரித்துக் காட்டினார். மனுஷர் கெடுவை ஜூன் கடைசி வரை தள்ளிக் கொடுத்தார், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லையாம். ஓனரோ வேலை முடியும் வரை என்னைக் கடையைக் காலி பண்ண விட மாட்டேன் என்கிறார். நியாயம்தான்.

வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்தால் ஓனர் முன்னால் நிற்க வேண்டும், அவர் போலீசுக்குப் போகிறேன் என்றால் நான் தடுக்க முடியாது. ஆனால் நீ நின்றால் நானும் பக்கத்தில் நிற்பேன். பெருக்கியவள் நான்தான் என்று அவரிடம் ஏற்கனவே சொல்லிவிட்டேன்.

அக்கா


ஏப்ரல் 25

அக்காவுக்கு,

நலம். இருமல் போய்விட்டது, பொய் இல்லை.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் அதை என் சமாதானத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று இருந்தேன். நீயாக எடுத்துக் கொடுத்ததும் அழுதுவிட்டேன். பூனைதான் பார்த்தது.

மாற்று ஆள் இன்னும் வரவில்லை. மேஸ்திரியிடம் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். "போடா, போய் முடிச்சுட்டு வா. முடியலன்னா வராத" என்றார். இதை வேனுக்குக் காத்திருந்தபடி என் பெட்டி மேல் வைத்து எழுதுகிறேன். இந்தக் கடிதமும் நானும் ஒரே வேனில் வருகிறோம். தபால் எப்போதும் போல நாலு நாள் சுற்றி வரும், நான் நேராக வருவதால் முந்திவிடுவேன். இருந்தாலும் எழுதாமல் கிளம்ப மனசு வரவில்லை. நான் வந்த பிறகு இதை நீ பிரித்துப் படிக்கும்போது நான் வாசலில் ஓனருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். வழக்கம்போல எங்கேயோ ஓடிவிட்டான் என்று நினைக்காதே, வெளியே எட்டிப் பார்.

பின் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் செய்து எடுத்து வருகிறேன். அந்தக் கம்பித் துண்டை யாரிடமும் கொடுத்துவிடாதே. அதன் கனத்தை அளந்தால்தான் இன்ஜினியருக்குக் கணக்கு வரும். நானே கதவிலிருந்து உருவி, நானே அவர் கையில் கொடுக்கிறேன்.

ஹாரன் அடிக்கிறான்.

உன் வாலு